ஜப்பான் காரும் புங்க எண்ணெயும்

1

போன வாரம் என் டாக்சியின் மைல் மீட்டர் சைபருக்குத் திரும்பியது. ஐந்து ஒன்பதுகளும் ஒன்றாக அசைந்து ஐந்து சைபர்களாக நின்றன. ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் டாக்சி ஸ்டாண்டில், எல்லோர் முன்னாலும் அது நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் காலையில் சவாரி எதுவும் ஏற்றாமல் ரயில் நிலையத்தைச் சும்மா சுற்றிச் சுற்றி வந்தேன். பெட்ரோல் வீண்தான். இப்படி ஒரு நாளுக்கு வீண் செய்யலாம்.

டிரைவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்துப் பார்த்தார்கள். முதலில் வந்தவர் ரஹ்மான் பாய். ஆம்பூர்க்காரர், என்னைவிட மூத்தவர். சீமைக் காரைத் தவிர வேறு எதையும் கார் என்று ஒப்புக்கொள்ளாதவர்.

"இன்னாபா முனிசாமி, மீட்டரு செத்துப்போச்சா?"

"சாகல பாய். முழுசா சுத்தி வந்துட்டுது."

பாய் கொஞ்ச நேரம் சைபர்களையே பார்த்தார். "என் வண்டி மீட்டரு பாதியிலயே நின்னுடுச்சு. வண்டி அதுக்கு முன்னாலயே நின்னுடுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அன்றைக்குத்தான் இதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் விளம்பரம்போல் ஆகும். என் விளம்பரம் அவர்களுக்குத் தேவையும் இல்லை. ஜப்பான்காரன் கார் என்றால் போதும். இந்தக் காரில் ஏற மாட்டேன் என்று என் மனைவி சொன்ன கதையும் இதில் வரும். அதை விட்டுவிட்டுக் காரை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

2

பேரணாம்பட்டில் நான் வேலை செய்த டேனரியின் முதலாளியிடம் ஒரு சீமைக் கார் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவர் வேலூருக்குக் கிளம்புவார். அவர் கிளம்புவார் என்பது பேச்சுக்குத்தான். கிளப்புவது நாங்கள். சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டிக்கொண்டிருக்கும் எங்களை மேஸ்திரி கூப்பிடுவார்.

"டேய், வண்டி தள்ள வாங்கடா! கைய கழுவிக்கினு வாங்கடா!"

சுண்ணாம்புக் கையோடு தொட்டால் கறுப்புப் பெயிண்டில் வெள்ளையாக விரல் அச்சு விழும். ஆகவே கையைக் கழுவிவிட்டுத் தள்ளுவோம். சரிவில் இறங்கும்போது வண்டி இருமும், கக்கும், பிறகு ஓடும். வேலூர் லாங் பஜாரில் நின்றுபோனால் அங்கே இருக்கும் கைவண்டிக்காரர்கள் தள்ளிவிடுவார்களாம். முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்க, பின்னால் ஆறு பேர் தள்ளினால் ஓடுவதுதான் கார் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டேனரிகளில் தோல் பாதிதான் பதமாகும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்து, புங்க எண்ணெய் தடவி, உலர்த்தி, கட்டுக்கட்டிச் சீமைக்கு அனுப்பிவிடுவோம். மீதி வேலை அங்கே. பளபளப்பாக முடிந்த தோலை முதலாளியின் காலில் செருப்பாகப் பார்த்ததோடு சரி. தொட்டுப் பார்த்ததில்லை. இது பின்னால் எனக்கு வினையாக வந்தது.

எனக்கு ஓரிடத்தில் கால் தங்காது. திருப்பத்தூர் சந்தையில் கொஞ்ச நாள், மதராஸ் துறைமுகத்தில் கொஞ்ச நாள். பிறகு ஒரு கப்பலின் சமையல்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பினாங்கு வந்து இறங்கினேன். ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்தேன். அப்போது யுத்தம் வந்தது. ஜப்பான் பட்டாளம் சைக்கிளில் வந்து மலேயாவைப் பிடித்தது. காரிலும் லாரியிலும் ஓடிய வெள்ளைக்காரனைச் சைக்கிளில் வந்தவன் துரத்தினான். நான் கண்ணால் பார்த்தேன்.

அவர்களுடைய லாரி டிப்போவில் எனக்கு வண்டி கழுவும் வேலை கிடைத்தது. அடித்தார்கள், மரவள்ளிக் கிழங்கும் போட்டார்கள். கடைசிக் காலத்தில் வந்த லாரிகளுக்கு முன்னால் ஒரே ஒரு விளக்கு. டிரைவர் உட்காரும் இடம் வெறும் பலகை. ஏன் என்று நான் ஜாடையில் கேட்டதற்கு, இரும்பு தீர்ந்துவிட்டது என்று ஒரு சிப்பாய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அந்த ஒற்றைக் கண் லாரியில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். விளக்குக்கு இரும்பில்லாமல் தோற்றுப்போன நாடு இருபது வருடத்துக்குள் உலகத்துக்கே கார் அனுப்பும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், கிழங்கு தின்று புத்தி கெட்டுவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன்.

3

இந்தக் காருக்கு முன்னால் நானும் சீமைக் கார்தான் ஓட்டினேன். கேமரன் மலைக்குச் சவாரி போனால் டிக்கியில் தண்ணீர் டின் இருக்க வேண்டும். வளைவுக்கு வளைவு நிறுத்தி, ஆவி அடங்கும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்ற வேண்டும். பயணிகள் இறங்கிப் பூப் பறிப்பார்கள்.

ஜப்பான் காரை விற்ற சீனன் சாவியைக் கொடுத்து, திருப்பு என்றான். திருப்பினேன். சத்தம் வரவில்லை. மறுபடி திருப்பினேன். கிர்ரென்று கத்தியது. அவன் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து பானட் மேல் வைத்தான். முதல் திருப்பிலேயே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது; எனக்குத்தான் தெரியவில்லை. மாவரைக்கும் வீட்டுச் சுவரில் கை வைத்ததுபோல் லேசான அதிர்வு. தள்ளாமல், இருமாமல், கக்காமல் ஒரு கார். அங்கேயே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். என் மனைவி கோவிந்தம்மா வாசலில் நின்றாள். கையில் ஆரத்தித் தட்டு இல்லை.

"இது எந்த ஊரு வண்டி?"

"ஜப்பான்."

"அப்டின்னா என் வாசல்ல நிக்கக் கூடாது."

"கோவிந்தம்மா, இதுலதான் இனிமே நம்ம பொழப்பு."

"பொழச்சுக்குங்க. அந்தச் சோத்த நானும் துன்றேன். ஆனா நான் இதுல ஏற மாட்டேன். என் பொணத்தையும் இதுல ஏத்தாதீங்க."

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசினால் அது மாறாது. அவள் குடியாத்தத்து நெசவுக் குடும்பத்துப் பெண். ஊரில் இருந்திருந்தால் அந்த வீட்டுத் தெருவில் என் நிழலைக்கூட விட்டிருக்க மாட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு நான் அவளைக் கட்டிக்கொண்டபோது ஈப்போவில் அதைக் கேட்க யாரும் மிச்சம் இல்லை. அவளுடைய அப்பா கைலி வியாபாரத்துக்காகக் குடும்பத்தோடு இங்கே வந்தவர். ஊரில் தன் தறியில் நெய்ததையும் அண்ணன் தம்பிகள் நெய்து அனுப்பியதையும் தோளில் மூட்டையாகப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்பார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தபோது, ஒரு நாள் காலையில் புகைவண்டி நிலையத்துக்குப் பக்கத்து வளைவில் அவரையும் லாரியில் ஏற்றினார்கள். கோவிந்தம்மா அப்போது சிறுமி. கூடவே ஓடினாள். விற்காத கைலி மூட்டையையாவது மகளிடம் கொடுத்துவிடுகிறேன், நிறுத்துங்கள் என்று அவர் கத்தினாராம். லாரி நிற்கவில்லை. மூட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனாராம். அந்தப் பாதைக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் வரவில்லை.

அந்த லாரி எந்தக் கம்பெனி லாரி என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவளுக்கு அது ஜப்பான் லாரி; அவ்வளவுதான்.

காரைத் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்த ஆரம்பித்தேன். அவள் மார்க்கெட்டிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வருவாள். நான் காலி வண்டியில் அவளைத் தாண்டிப் போவேன்.

"ஊர்ல கீறவன எல்லாம் ஏத்துற, வூட்டுக்காரிய நடக்க வுடுறியே, வெக்கமா இல்ல?" என்று ஸ்டாண்டில் கேட்பார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அந்தப் பாதைக்குப் போனவர்கள் உண்டு.

4

டாக்சி பர்மிட்டில் பழைய காருக்குப் பதில் புதிய காரை எழுத ஆபீசுக்கு அலைந்ததையும் சொல்ல வேண்டும். இங்கே பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்து வரும். எந்தக் குமாஸ்தா எந்தக் காலத்தில் எழுதினாரோ, என் காகிதங்களில் அப்பா பெயர் முன்னால் போய்விட்டது. வருடா வருடம் "குப்பன்!" என்று கூப்பிடுவார்கள். நான் கை தூக்குவேன். பேரணாம்பட்டைத் தாண்டாத என் அப்பாவுக்கு, இந்த நாட்டில் ஒரு ஜப்பான் கார் ஓட்ட அனுமதி இருக்கிறது. மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தேன். எந்தக் குப்பன் கொடுத்த மனு என்று திருப்பிக் கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

5

காரோடு ஒரு படப் புத்தகம் கொடுத்தார்கள். எங்கள் ஒரே மகள் வசந்தா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சின்ன வயதில் என்னை நைனா என்பாள். பள்ளிக்கூடம் போனதும் டாடி ஆனேன். தோழிகளோடு இங்கிலீஷ், கடைக்காரனோடு மலாய், அம்மாவோடு மட்டும் தமிழ். அந்தத் தமிழிலும் வருடத்துக்கு வருடம் சொற்கள் கம்மியாகிக்கொண்டே வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் புத்தகத்தை எனக்குப் படித்துச் சொன்னாள். கோவிந்தம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கம்பெனி கார் செய்ய ஆரம்பித்த கம்பெனியே இல்லையாம். தறி செய்த கம்பெனியாம். ஒரு கிராமத்துத் தச்சனின் மகன்; அவன் அம்மா கைத்தறி நெய்கிறவள். அம்மா படும் பாட்டைப் பார்த்து மரத்தில் ஒரு புதுத் தறி செய்தான். அதற்குப் பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. கடைசியில் செய்த தறியின் உரிமையைச் சீமைக்காரனே விலைக்கு வாங்கினானாம். உலகத்துக்கெல்லாம் தறி விற்ற சீமைக்காரன்! பிறகு அவனுடைய மகன், தறிப் பட்டறையின் ஒரு மூலையில் அமெரிக்கக் கார் ஒன்றைத் திருகு திருகாகக் கழற்றிப் பரப்பி வைத்து, கார் செய்யக் கற்றுக்கொண்டான்.

ஆறு பேர் காரைத் தள்ளினோம். ஒருவனுக்காவது அதன் மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியதா?

கோவிந்தம்மாவின் கை முறத்தில் நின்றுவிட்டது. "தறியா? இன்னா தறிடீ?"

"அதாம்மா, துணி செய்ற மெஷின். அதுல ஒரு பெனாங் அறுந்தா..." வசந்தாவுக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. பெனாங் என்றால் மலாயில் நூல். "...ஒரே ஒரு பெனாங் அறுந்தாலும் மெஷின் தானா ஸ்டாப் ஆய்டுமாம்மா. யாரும் நிறுத்த வேணாம்."

"தானாவா?"

"தானா."

கோவிந்தம்மா அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "எங்க நைனா நாளு முச்சூடும் அறுந்த இழையத்தான் தேடிக்கினு இருப்பாரு" என்றாள். "கவனிக்காம நெய்ஞ்சுட்டா துணி பூரா ஓட்ட. ஒரு இழைக்காவ தறிய நிறுத்தணும்னு அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குது." முறத்தைத் தட்டினாள். "அவன் ஊரு லாரி எங்க நைனா கத்தினப்ப நிக்கல."

எழுந்து உள்ளே போய்விட்டாள். வசந்தா புத்தகத்தை மூடிவிட்டாள்.

6

அந்தக் காரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தகடு மெல்லிசு, விரலால் தட்டினால் டிங் என்னும்.

"இன்னாபா, பால் டின்னு வாங்கியாந்துட்ட?" என்பார் ரஹ்மான் பாய். "பாத்து ஓட்டு. மாடு மொறச்சா நசுங்கிப் போய்டும்."

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஆ செங் என்ற சீனர் மட்டும் சிரிக்கவில்லை. யுத்தத்தில் அவருடைய அண்ணனை ஜப்பான்காரர்கள் கொன்றுவிட்டார்கள். ஒரு வருடம் என் வண்டியில் ஏறாமல் அதன் நல்லது கெட்டது எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் அதே கம்பெனியின் வேன் வாங்கினார். நான் கேட்காமலே சொன்னார்: "அவர்கள் முகத்தை நான் பார்க்க மாட்டேன். வேனுக்கு முகம் இல்லை."

அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் எங்கள் ஸ்டாண்டுக்கு வந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. எங்களுக்குக் குனிந்து கும்பிடு போட்டார். வண்டியில் என்ன குறை என்று கேட்டார். விற்க வரவில்லை, குறை கேட்க வந்திருக்கிறார்! மழைக்காலத்தில் கதவின் அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கிறது என்றேன். அவர் சட்டென்று ரோட்டில் மல்லாந்து படுத்தார். அந்த வெள்ளைச் சட்டையோடு என் வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். வெளியே வந்தபோது முதுகெல்லாம் தார். மறுபடி கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்த கார்களில் கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருந்தன. நானே உட்கார்ந்து தடவிப் பார்த்தேன்.

"உங்க சீமைக் கம்பெனிக்காரன் யாராவது இப்டி வந்தானா பாய்?" என்று கேட்டேன்.

"வந்தா குறை வண்டியில இல்ல, நம்ம கையிலன்னு சொல்வான்" என்றார் பாய். அன்றிலிருந்து பால் டின் என்பதை விட்டுவிட்டார்.

அது பின்னால் நடந்தது. கார் வாங்கிய புதிதில் நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

7

சீட்டின் மேல் கண்ணாடித்தாள்போல் ஓர் உறை போட்டுத்தான் கார் வந்தது. இங்கே யாரும் அதைக் கழற்ற மாட்டார்கள். கிழியும்வரை அதன் மேல்தான் உட்காருவார்கள். என் வண்டியில் அது கிழிந்தபோது முதல் தடவையாகச் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். ரத்தச் சிவப்பு. கட்டைவிரலால் அழுத்தி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேரணாம்பட்டில் ஒரு தோலை எடுத்தால் உண்ணிக் கடி இருக்கும், முள் கீறல் இருக்கும், சூடு போட்ட தழும்பு இருக்கும். இதில் ஒரு புள்ளி இல்லை. முன் சீட்டு, பின் சீட்டு இரண்டிலும் இல்லை.

ரஹ்மான் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் ஆம்பூர் டேனரியில் வளர்ந்தவர்தானே. குனிந்து, தடவி, முகர்ந்து பார்த்தார்.

"மாஷா அல்லா, இன்னா தோலுபா!" என்றார். "மாட்டுக்குக் கொசுவலை கட்டித் தூங்க வெக்கிறானுங்க போல."

இரண்டு பேரும் வெகுநேரம் அந்த மாடுகளை நினைத்து ஆச்சரியப்பட்டோம்.

நல்ல தோலுக்கு எண்ணெய் காட்டாவிட்டால் வெடித்துவிடும். அது எங்களுக்கு எழுத்துக்கு முன்னால் கற்றுக்கொடுத்த பாடம். பாய் அந்தச் சமயம் ஊருக்குப் போய்வரக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டில் புங்க எண்ணெய் கொண்டுவரச் சொன்னேன். அவரும் கொண்டுவந்தார். பினாங்கு துறைமுகத்தில் சுங்க அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு இரண்டடி பின்னால் போனாராம். மூட்டு வலி மருந்து என்று பாய் சொல்லிவிட்டாராம்.

புங்க எண்ணெயின் வாடை உங்களுக்குத் தெரியும். பாட்டிலைத் திறந்ததும் எனக்குச் சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம்பட்டை, மேஸ்திரியின் அதட்டல் எல்லாம் ஒன்றாக வந்தன. துணியில் நனைத்து, எங்கள் ஊர் வழக்கப்படி வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். தோல் எண்ணெயைக் குடிக்க வேண்டும். குடிக்கவில்லை. சரி, ஜப்பான் மாடு, மெதுவாகக் குடிக்கும் என்று இன்னொரு தடவை தேய்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

காலையில் முதல் சவாரி ஒரு தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சலவை செய்த வெள்ளைக் கால்சட்டையில் போகிறார். இறங்கினவர் வீட்டுப் படி ஏறுவதற்குள் அவருடைய சம்பந்தி வீட்டார் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்பக்கம் முழுவதும் மஞ்சள். திரும்பி வந்து கத்தினார்.

"யோவ்! இது டாக்சியா, செக்கா? என்னைய வெச்சு ஆட்டியிருக்கியே!"

அதன் பிறகு யாரும் ஏறவில்லை. வெயில் ஏற ஏற வாடையும் ஏறியது. ஸ்டாண்டில் என் வண்டியை வரிசைக்கு வெளியே, காக்கை கூட வராத மூலைக்குத் தள்ளச் சொன்னார்கள். சோப்புப் போட்டேன். எண்ணெயும் சோப்பும் சேர்ந்து களிம்பானது. பெட்ரோல் போட்டுத் துடைக்கப் போனேன். நிறம் கையோடு வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் சவாரி இல்லை. பார்த்துப் பார்த்து வாங்கின வண்டி மரத்தடியில் நாறிக்கொண்டு நின்றது.

8

ஒரு வாரம் கழித்து மத்தியானத்தில் நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கோவிந்தம்மா இடுப்பில் ஒரு குண்டானோடு தெருவில் வந்தாள். குண்டானில் ஆவி பறக்கும் வடிகஞ்சி. அதில் சீயக்காய்த்தூள் கரைத்திருந்தாள்.

"வாடை வூடு வரிக்கும் வருது" என்றாள். "கதவத் தொறங்க."

"நீ ஏறமாட்டேன்னு..."

"ஏறல. கைதான் வெக்கப் போறேன். தறியில எண்ணெ சிந்துனா எங்க வூட்ல இதாலதான் எடுப்பாங்க."

தரையில் நின்றபடியே கையை மட்டும் உள்ளே விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். எண்ணெய் நுரைத்துக்கொண்டு வந்தது. கதவுப் பக்கம் சிவப்பு தெரிந்தது. அந்தப் பக்கம் எட்டவில்லை. சுற்றிப்போய் அந்தக் கதவைத் திறந்து தேய்த்தாள். நடுவில் எட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு முழங்காலைச் சீட்டின் மேல் ஊன்றினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"ஏங்க. இங்க வாங்க."

சீட்டின் பின்னால், அந்தச் சிவப்புத் தோலின் ஓரம் மடிந்து உள்ளே போகும் இடத்தில் எண்ணெய் இறங்கியிருந்தது. அதைத் துடைக்க ஓரத்தை இழுத்துப் புரட்டியிருக்கிறாள். புரட்டிய பக்கத்தை என்னிடம் காட்டினாள்.

"இது இன்னா?"

"தோலு."

"தோலுக்கு ஏதுங்க பாவும் ஊடையும்?"

நான் குனிந்து பார்த்தேன். அடிப்பக்கம் துணி. வெள்ளை நூலில், குறுக்கும் நெடுக்குமாக, நெருக்கமான நெசவு. மேலே சிவப்பாக எதையோ பூசி, தோலைப்போல் ரேகை அழுத்தியிருக்கிறார்கள். மாடும் இல்லை, கொசுவலையும் இல்லை. வருடக் கணக்கில் தோல் புரட்டிய நானும் ரஹ்மான் பாயும் விரலை வைத்துப் பார்த்து ஏமாந்தோம். நெசவுக்காரன் மகள் திருப்பிப் பார்த்தாள்.

கோவிந்தம்மா அந்த ஓரத்தை விடவில்லை. ஈரக் கையின் கட்டைவிரலால் நூலை நெருடிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு இழை கூட வுட்டுப் போவல" என்றாள். "நல்லாத்தான் நெய்ஞ்சிருக்கான்."

முழங்காலில் இருந்தவள் அப்படியே திரும்பி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்ததுபோல் இருந்தது. இறங்கவில்லை. குண்டானை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

"வண்டிய எடுங்க."

"எங்க போவணும்?"

"அந்த வளைவுக்கு."

எந்த வளைவு என்று நான் கேட்கவில்லை. வண்டியை எடுத்தேன். புகைவண்டி நிலையத்தைத் தாண்டி ரோடு திரும்பும் இடம் வந்தது.

"நிறுத்துங்க."

பிரேக்கில் கால் வைத்தேன். குலுங்காமல், வழுக்காமல், சொன்ன இடத்தில் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனான். என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று தெரியாத அமைதி. அவள் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். அவள் அழுதாளா என்று நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. குண்டானில் இருந்த கஞ்சி ஆறிப்போயிருந்தது. கதவைத் திறந்து அதை ரோட்டோரத்தில் கொட்டினாள்.

"போலாம். வசந்தா வர நேரம்" என்றாள்.

அன்று மாலை கார் எங்கள் வாசலில் நின்றது. வாடை முழுதாகப் போக இன்னும் ஒரு மாதம் ஆனது.

9

அதற்குப் பிறகு அவள் எப்போது இந்தக் காரில் ஏறினாலும் பின் சீட்டில்தான் உட்காருவாள். மார்க்கெட்டுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அந்த வளைவு வந்தால் "நிறுத்துங்க" என்பாள். நிறுத்துவேன். கொஞ்ச நேரம் கழித்து "போலாம்" என்பாள். அவசரமான நாட்களிலும் அதில் மாற்றம் இல்லை. மழையில் நிறுத்தியிருக்கிறேன், கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று மற்றவர்கள் முணுமுணுக்க நிறுத்தியிருக்கிறேன்.

மீட்டர் சைபரான அன்று ரஹ்மான் பாய் சொன்னார்: "வித்துடுபா. முழுசா ஒரு சுத்து சுத்திடுச்சு. இன்னொரு சுத்து தாங்குமா?" அவர் குரலில் அது தாங்கும் என்ற நம்பிக்கைதான் அதிகம் இருந்தது. விற்றால் தான் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்திருக்கலாம்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கோவிந்தம்மா, கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வரலாம் என்றாள். வசந்தா இப்போது ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிறாள். போன மாதம் லைசென்ஸ் வாங்கினாள். அவளுடைய காகிதத்தில் பெயர் சரியாக இருக்கிறது. தானே ஓட்டுகிறேன் என்று என்னைப் பக்கத்துச் சீட்டில் உட்காரச் சொன்னாள். ரேடியோவில் ஏதோ இங்கிலீஷ் பாட்டு. அவளும் கூடவே பாடிக்கொண்டு ஓட்டினாள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. எந்த நாட்டுப் பெண் இவள் என்று எனக்கே சில நேரம் தோன்றும்.

புகைவண்டி நிலையம் தாண்டியது. வளைவு வந்தது. பாட்டுச் சத்தத்தில் கோவிந்தம்மா கவனிக்கவில்லை. மடியில் இருந்த தேங்காயின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா என்று நான் வாயைத் திறந்தேன்.

வசந்தா ரேடியோவை அணைத்தாள். வண்டி வேகம் குறைந்தது. ஓரமாக நின்றது.

கோவிந்தம்மா நிமிர்ந்து வெளியே பார்த்தாள். பிறகு மகளின் பின்னந்தலையைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "போலாம்மா" என்றாள்.